நாஞ்சில் நாட்டில் பூப்பெயர் கொண்டோர்

கன்னியாகுமரி மாவட்டத்திலும் அதையொட்டிய பழைய திருவிதாங்கூர்ப் பகுதியிலும் பூ, மரம் ஆகியவற்றின் பெயரைத் தம் பெயரில் கொண்ட புகழ்பெற்றோர் பலர் வாழ்ந்துள்ளனர். மல்லிகா, அல்லி, முல்லை, செண்பகவல்லி என்று பெண்குழந்தைகளுக்குப் பூப்பெயர் சூட்டுவது தமிழ்நாடு முழுவதும் உள்ள வழக்கம். அந்தப் பெயர்களில் பூவின் அழகும் மணமும் நேராகவே குறிக்கப்படுகின்றன. நாஞ்சில் நாட்டு ஆண்களின் பூப்பெயர்கள் வேறு வழியில் வந்தவை. அரசர் கொடுத்த பட்டமாகவும், கடவுளின் பெயராகவும், வீட்டுப்பெயராகவும் அவை மக்களிடம் சேர்ந்தன. இந்த வழியை அறியாமல் படித்தால் ஒருவரை மற்றொருவராக எண்ணிவிட நேரும். செண்பகராமன் என்ற பெயரில் அந்தப் பிழை அடிக்கடி நிகழ்கிறது.

செண்பகம்

செண்பகம் என்றும் பசுமை மாறாத உயர்ந்த மரம். மஞ்சளும் காவியும் கலந்த இதழ்களும் கடுமையான நறுமணமும் உடைய பூவைத் தருவது. சங்க நூல்களில் சண்பகம் என்ற வடிவம் காணப்படுகிறது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிச் சொல்லும் மலர்களுள் இதுவும் ஒன்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகள் இதற்கு ஏற்ற இடம். நாஞ்சில் நாட்டுக்கு வடக்கே குற்றாலத்தில் செண்பகாதேவி என்ற பெயரில் ஓர் அருவியே உள்ளது. கோவில்பட்டியில் அம்மனின் பெயர் செண்பகவல்லி.

நிகண்டு மரபில் இம்மரத்துக்கு வண்டுணா மலர்மரம் என்ற பெயரும் உண்டு. இதன் மணத்துக்கு அஞ்சி வண்டு நெருங்காது என்பது புலவர்களின் நம்பிக்கை. ஆனால் செண்பகம் சேர்ந்துள்ள தாவரக் குடும்பத்தில் மகரந்தச் சேர்க்கை பெரும்பாலும் கெட்டியான சிறகுறை கொண்ட சிறுவண்டுகளால்தான் நடைபெறுகிறது. புலவர்கள் பேசியது தேன் நாடும் வண்டைப் பற்றி என்று கொண்டால் இரண்டுக்கும் முரண் இல்லை.

இப்பெயரைக் கேட்டதும் எல்லோர் மனத்திலும் ஒரே பூ தோன்றுவதில்லை. மலையாளம் கலந்து பேசும் மேற்குப் பகுதிகளில், கோயில் முற்றங்களில் நிற்கும் ஈழத்தலரியையும் செம்பகம் என்பார்கள். தெலுங்கில் சம்பங்கி என்றால் செண்பகம். தமிழில் சம்பங்கி என்று மாலைக்குக் கட்டுவதோ மெக்சிகோவிலிருந்து வந்த கிழங்குச் செடியின் வெள்ளைப் பூ. இலங்கைத் தமிழர் வழக்கில் செண்பகம் ஒரு பறவை. இங்கே செம்போத்து என்று சொல்லப்படுவது அதுவே.

செண்பகராமன் பட்டம்

திருவிதாங்கூர் அரசில் செண்பகராமன் என்பது அரசர் வழங்கிய உயர்ந்த பட்டம். அனிழம் திருநாள் மார்த்தாண்ட வர்மாவின் காலத்தில், அதாவது 1729 முதல் 1758 வரையிலான ஆட்சியில், இது ஏற்படுத்தப்பட்டது. போரிலும் நிர்வாகத்திலும் சிறந்த பணி செய்தவர்களுக்கு இது அளிக்கப்பட்டது. பட்டம் பெற்றவரை யானை மீது அமர்த்தி ஊர்வலமாக அழைத்துச் செல்வது வழக்கம். பட்டம் அவரோடு முடியாமல் குடும்பத்தில் வழிவழியாகத் தொடர்ந்தது. ஆகவே செண்பகராமன் என்ற சொல் ஒருவரது பெயரின் நடுவில் வந்தால் அதைத் தாய் தந்தையர் இட்ட பெயர் என்று உடனே முடிவு செய்துவிடக் கூடாது.

பட்டமாக வழங்கிய சொல் பின்னர் சாதாரண ஆட்பெயராகவும் பரவியது. தோவாளை வட்டத்தில் செண்பகராமன்புதூர் என்ற ஊர் இருக்கிறது. பூச்சந்தையால் பெயர்பெற்ற தோவாளை இதற்கு அருகில்தான். பிச்சி, மல்லிகை, அரளி, சம்பங்கி, கேந்தி, தாமரை என்று அந்தச் சந்தையிலிருந்து பூ கேரளத்துக்குப் போகிறது. ஓணத்துக்கு முந்தைய நாள்களில் கூட்டம் சொல்லி மாளாது. அரளிப்பூவை மடித்து நொச்சி இலையோடு சேர்த்துக் கட்டும் தோவாளை மாணிக்கமாலைக்கு 2025-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் ஊர்ப்பெயரில் உள்ள செண்பகம் தோட்டத்தில் வரிசையாக நட்டுப் பறிக்கும் பயிர் அல்ல. மரமேறிப் பறிக்க வேண்டிய பூ.

வேலாயுதன் செண்பகராமன் தம்பி

வேலுத்தம்பி தளவாய் என்று வரலாற்றில் அறியப்படுபவரின் முழுப்பெயர் வேலாயுதன் செண்பகராமன் தம்பி. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் வட்டத்தில், இரணியலுக்கு அருகில் உள்ள தலக்குளத்தில் 1765-ல் பிறந்தார். அவருடைய முன்னோர் பெற்ற நீண்ட பட்டம் ‘கணக்கு செண்பகராமன்’ என்று முடிவது. வேலாயுதன் அவர் பெயர், செண்பகராமன் குடும்பப் பட்டம், தம்பி மரியாதைப் பின்னொட்டு.

1799-ல் திவான் ஜயந்தன் நம்பூதிரியின் கடும் வரிவசூலை எதிர்த்து மக்களைத் திரட்டித் திருவனந்தபுரம் சென்றதால் அவர் முன்னுக்கு வந்தார். 1802-ல் தளவாய் ஆனார். ஆங்கிலேய ரெசிடென்ட் மெக்காலேயோடு ஏற்பட்ட மோதல் முற்றி, 1809 ஜனவரியில் குண்டறையில் மக்களை ஆயுதம் ஏந்த அழைக்கும் அறிவிப்பை வெளியிட்டார். கலகம் தோற்றது. அதே ஆண்டு மார்ச் மாதம் மண்ணடியில், பிடிபடாமல் உயிரை விட்டார். அவருடைய தம்பி தூக்கிலிடப்பட்டார். அந்தத் தம்பியின் பெயர் பத்மநாபன் தம்பி. அதுவும் பூவை உள்ளடக்கிய பெயரே.

தலக்குளத்தில் இருந்த அவர்கள் வீடு இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டு, அந்த மண்ணில் வாழையும் ஆமணக்கும் நடப்பட்டதாகத் திருவிதாங்கூர் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. வீடு இருந்த இடத்தில் பயிர் வைப்பது, அங்கே ஒரு குடி இருந்ததற்கான தடயத்தையே அழிக்கும் தண்டனை. ஒரு மரத்தின் பெயரைப் பட்டமாகக் கொடுத்த அரசு, அரை நூற்றாண்டு கடந்தபின் வேறு இரண்டு செடிகளை நட்டு அந்தக் குடும்பத்தை மறைக்க முயன்றது. முயற்சி பலிக்கவில்லை. இன்று திருவனந்தபுரத்தில் கேரள அரசின் தலைமைச் செயலகத்தின் முன்னால் நிற்பது வேலுத்தம்பியின் சிலை.

செண்பகராமன் பிள்ளை

பெயரால் தளவாயோடு குழப்பப்படுபவர் விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளை. நாஞ்சில் நாட்டைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பத்தில், சின்னசாமிப் பிள்ளைக்கும் நாகம்மாளுக்கும் மகனாக 1891 செப்டம்பர் 15 அன்று திருவனந்தபுரத்தில் பிறந்தார். இவருக்குச் செண்பகராமன் பட்டம் அல்ல, சொந்தப் பெயர். தளவாய் இறந்து 82 ஆண்டுகளுக்குப் பிறகு பிறந்தவர்.

இவர் வெளிநாடு சென்ற கதையிலும் தாவரங்களுக்கு இடம் உண்டு. சர் வால்டர் ஸ்ட்ரிக்லண்டு என்ற ஆங்கிலேய உயிரியலாளர் தாவர மாதிரிகள் தேடித் திருவனந்தபுரம் வந்து போய்க்கொண்டிருந்தார். பள்ளி மாணவர்களாக இருந்த செண்பகராமனும் அவருடைய உறவினர் பத்மநாப பிள்ளையும் அவரோடு பழகினர். 1908-ல் அவருடன் ஐரோப்பாவுக்குக் கப்பலேறினர். பத்மநாப பிள்ளை கொழும்பில் இறங்கித் திரும்பிவிட்டார். செண்பகராமன் தொடர்ந்து பயணம் செய்தார். பூ தேடி வந்தவரோடு, பூவைப் பெயராகக் கொண்ட இருவர் புறப்பட்டது தற்செயல்தான் என்றாலும், நினைவில் நிற்பது.

1914 செப்டம்பரில் சூரிச் நகரில் இந்திய ஆதரவுப் பன்னாட்டுக் குழுவைத் தொடங்கி அதன் தலைவரானார். அடுத்த மாதமே பெர்லினுக்குச் சென்று அங்கிருந்த இந்தியப் புரட்சியாளர்களோடு இணைந்தார். 1915 டிசம்பர் 1 அன்று காபூலில் ராஜா மகேந்திர பிரதாப் தலைமையில் அமைந்த தற்காலிக இந்திய அரசில் வெளியுறவு அமைச்சராக அறிவிக்கப்பட்டார்.

தமிழ்நாட்டில் இவரை ‘எம்டன்’ செண்பகராமன் என்று சொல்வோர் உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னை மீது குண்டு வீசிய ஜெர்மன் போர்க்கப்பலில் இவரும் இருந்தார் என்பது பலரும் எழுதும் கதை. அதே செப்டம்பரில் இவர் சூரிச்சில் குழு அமைத்துக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்துப் படித்தால் அந்தக் கதையை நம்புவது கடினம். அந்த ஒரு கதைக்காக மட்டுமே இவரை நினைவில் வைத்திருப்பது இவர் உண்மையில் செய்த வேலைகளை மறைத்துவிடுகிறது.

1931-ல் லட்சுமிபாயை மணந்தார். 1934 மே மாதம் பெர்லினில் காலமானார். தமது சாம்பலில் ஒரு பகுதியைத் திருவனந்தபுரம் கரமனை ஆற்றிலும் மறுபகுதியை நாஞ்சில் நாட்டு வயல்களிலும் தூவ வேண்டும் என்பது அவர் விருப்பம் என்பர். சாம்பலை லட்சுமிபாய் 32 ஆண்டுகள் காத்தார். 1966-ல் அது ஐ.என்.எஸ். டெல்லி என்ற கடற்படைக் கப்பலில் கொச்சிக்குக் கொண்டுவரப்பட்டது. சென்னை கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் இவருக்குச் சிலை உள்ளது.

பெயரைத் தேடுவோர்க்கு

செண்பகராமன், சண்பகராமன், செம்பகராமன், சம்பகராமன் என்று நூல்களில் பல எழுத்துவடிவங்கள் காணப்படுகின்றன. மலையாள நூல்களில் ‘ம்ப’ என்ற ஒலி வரும் வடிவமே மிகுதி. நூலகப் பட்டியலிலோ இணையத்திலோ தேடும் மாணவர்கள் ஒரு வடிவத்தோடு நிறுத்திவிட்டால் பாதிச் செய்திதான் கிடைக்கும். தளவாயைத் தேடுவோர் வேலுத்தம்பி என்றே தேடுவது நல்லது. ஆண்டைப் பார்த்தால் குழப்பம் நீங்கும்: 1809 என்றால் தளவாய், 1914-க்குப் பிந்தியது என்றால் பிள்ளை.

பத்மநாபன்

தாமரை, பத்மம் என்ற வடசொல்லின் வழியாக இப்பகுதி ஆண்களின் பெயரில் புகுந்தது. உந்தியில் தாமரை உடையவன் என்பது பத்மநாபன் என்ற சொல்லின் பொருள். மார்த்தாண்ட வர்மா 1750-ல் தம் நாட்டைத் திருவனந்தபுரம் பத்மநாப சுவாமிக்குக் காணிக்கையாக்கி, அவருடைய தாசனாக நின்று ஆண்டார். கல்குளம் என்றிருந்த தலைநகர் பத்மநாபபுரம் ஆயிற்று. அரசே கடவுளுக்கு உரியதானபின் அக்கடவுளின் பெயர் வீடுதோறும் வழங்கியதில் வியப்பில்லை. மேலே கண்ட இரண்டு வரலாறுகளிலும் செண்பகராமனுக்குப் பக்கத்தில் ஒரு பத்மநாபன் வருவதும் இதனாலேயே.

இப்பெயர் கொண்டோருள் இலக்கிய உலகம் அறிந்தவர் எழுத்தாளர் நீல பத்மநாபன். 1938-ல் திருவனந்தபுரத்தில் பிறந்தவர், மின்வாரியப் பொறியாளராகப் பணியாற்றியவர். 1968-ல் வெளிவந்த ‘தலைமுறைகள்’ நாவல் இரணியல் மக்களின் வாழ்வையும் பேச்சையும் அப்படியே எழுத்தில் கொண்டுவந்தது. இவருக்கு 2007-ல் சாகித்திய அகாதமி விருது பெற்றுத் தந்த நாவலின் பெயரிலும் மரம் நிற்கிறது: ‘இலை உதிர் காலம்’.

தோப்பில்

மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் வீட்டுப்பெயரைப் பெயருக்கு முன்னால் சேர்ப்பது வழக்கம். விளை என்பது மேட்டு நிலத் தோட்டத்தைக் குறிக்கும் சொல். இலவுவிளை, மாங்காடு என்று மரப்பெயர் கொண்ட ஊர்களும் இப்பகுதியில் உண்டு. தேங்காய்ப்பட்டணத்தில் 1944-ல் பிறந்த தோப்பில் முகமது மீரானின் பெயரில் உள்ள தோப்பு இவ்வாறு வந்தது. ‘சாய்வு நாற்காலி’ நாவலுக்காக 1997-ல் சாகித்திய அகாதமி விருது பெற்ற இவர் 2019-ல் மறைந்தார். ஊர்ப்பெயரில் தேங்காய், வீட்டுப்பெயரில் தோப்பு. எழுதியதோ பெரும்பாலும் கடலோர மனிதர்களைப் பற்றி.

ஆளின் பெயர் பூவுக்கு

தாவரவியலில் இது தலைகீழாக நடக்கிறது. கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீடு 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவரச் செய்த ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’ நூலின் முதல் தொகுதியில் செண்பகம் ‘சம்பகம்’ என்ற உள்ளூர்ப் பெயரோடு படமாக வந்துள்ளது. 1753-ல் லின்னேயசு அதற்கு மிக்கேலியா சம்பாக்கா என்று பெயரிட்டார். முன்பாதி இத்தாலியத் தாவரவியலாளர் மிக்கேலியைக் குறிப்பது, பின்பாதி நம் சொல். இப்போது அந்தப் பேரினத்தை மக்னோலியாவோடு சேர்த்துவிட்டதால் மரத்தின் பெயர் மக்னோலியா சம்பாக்கா. மக்னோலியா என்பது பிரெஞ்சுத் தாவரவியலாளர் பியேர் மக்னோலின் பெயரிலிருந்து வந்தது. செம்பகம் என்று தவறாகச் சொல்லப்படும் ஈழத்தலரியும் தப்பவில்லை. அதன் பேரினப் பெயரான புளூமேரியா, அமெரிக்கத் தீவுகளில் செடி தேடித் திரிந்த பிரெஞ்சுத் துறவி சார்ல்சு புளூமியேவின் பெயர்.