அடுத்த வண்டிக்கு என்ன எஞ்சின்?
வதந்தியை நம்பிக் காத்திருப்போர் கவனத்துக்கு

பெங்களூர், ஜே.சி. ரோடு உதிரிபாகக் கடைகளின் வாசலில் சற்று நேரம் நின்றால் போதும். இன்னும் விற்பனைக்கே வராத மோட்டார் சைக்கிளுக்கு எத்தனை சி.சி. எஞ்சின் என்று சொல்ல ஆள் இருக்கிறது. "புது ஹிமாலயனுக்கு 650 வருகிறதாம்" என்பார் ஒருவர். "650 பழைய கதை, இப்போது 750" என்பார் பக்கத்தில் நிற்பவர். டீ ஆறுவதற்குள் விலையும் நிர்ணயமாகிவிடும்.

பேச்சுக்குச் செலவில்லை. ஆனால் சீட்டுப் பணத்தை எடுத்து வைத்துக்கொண்டு, அல்லது கூட்டுறவுச் சங்கத்தில் கடனுக்கு மனுப் போட்டுவிட்டு, தீபாவளிக்குச் சொந்த வண்டியில் ஊர் போய் இறங்கலாம் என்று இருப்பவருக்கு இது வெறும் பேச்சு அல்ல. இப்போதே வாங்குவதா, பொறுத்திருப்பதா என்ற தீர்மானம் அதில் தொங்குகிறது.

வதந்தி பிறக்கும் இடம்

இந்தச் சேதிகள் முற்றிலும் கற்பனை என்று தள்ளிவிடவும் முடியாது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ன் 126-வது விதிப்படி, புதிய வண்டியின் முன்மாதிரி அங்கீகாரம் பெற்ற பரிசோதனை நிலையம் ஒன்றில் தேறியாக வேண்டும். புனேயில் உள்ள, ஏ.ஆர்.ஏ.ஐ. எனப்படும் இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கம் அத்தகைய நிலையங்களில் ஒன்று. இது தவிர, கம்பெனிக்காரர்களே வண்டியை மலைப்பாதையிலும் நெடுஞ்சாலையிலும் ஓட்டிச் சோதிக்கிறார்கள்.

உருவம் தெரியாதபடி உறை போட்டு மூடினாலும் சிலவற்றை மறைக்க முடியாது. எஞ்சினிலிருந்து இரண்டு புகைக்குழாய் புறப்பட்டால் பெரும்பாலும் இரட்டை சிலிண்டர். முன்னால் ரேடியேட்டர் தெரிந்தால் தண்ணீரால் குளிரும் எஞ்சின். வழியில் போகிறவர் ஒரு படம் எடுத்துவிட்டால் மறுநாள் ஊரெல்லாம் அதே பேச்சு. ஆகவே எஞ்சினின் வகையை வதந்தி பல சமயம் சரியாகவே சொல்லிவிடுகிறது. அது எந்த வண்டிக்கு, எந்த மாதத்தில், என்ன விலையில் வரும் என்பதைப் புகைக்குழாய் சொல்லாது. வாங்குகிறவருக்கு வேண்டியது அந்த மூன்றும்தான்.

ஹிமாலயன் தரும் பாடம்

சென்னையில் 1955-ல் தோன்றிய என்பீல்டு இந்தியாவின் வழிவந்த ராயல் என்பீல்டு, 2016-ல் ஹிமாலயனை வெளியிட்டது. 411 சி.சி., ஒரே சிலிண்டர், சுமார் 24 குதிரைத் திறன். 2018-ல் அதே கம்பெனி 648 சி.சி. இரட்டை சிலிண்டர் எஞ்சினுடன் இன்டர்செப்டர், கான்டினென்டல் ஜி.டி. என்ற இரண்டு வண்டிகளை இறக்கியது. "அடுத்தது ஹிமாலயனுக்கு" என்ற பேச்சுக்கு அதுவே வித்து.

2023 ஜனவரியில் அந்த எஞ்சின் சூப்பர் மீட்டியர் என்ற வேறு நெடும்பயண வண்டிக்குப் போயிற்று. அதன் எடை 241 கிலோ. அதே ஆண்டு நவம்பரில் வந்த புதிய ஹிமாலயனுக்கோ 452 சி.சி., ஒரே சிலிண்டர், தண்ணீரால் குளிரும் எஞ்சின், ஆறு கியர், சுமார் 40 குதிரைத் திறன். எடை 196 கிலோ. பழைய 411-ஐ விட 3 கிலோ குறைவு. 650 வரும் என்று 2018 முதல் பணத்தை முடக்கியவர்கள் ஐந்து ஆண்டு காத்து வேறொன்றைக் கண்டார்கள்.

மறுபக்கமும் உண்டு. தண்ணீரால் குளிரும் 450 வருகிறது என்ற பேச்சு மெய்யாயிற்று. அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் கடைசி மாதங்களில் 411 வாங்கியவர்களுக்கு, தவணை முடியுமுன்பே தங்கள் வண்டி பழைய மாடலாகிவிட்டது.

350 என்னும் கோடு

இப்போது இன்னொரு கணக்கும் சேர்ந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல், 350 சி.சி. வரையுள்ள மோட்டார் சைக்கிள்களுக்கு ஜி.எஸ்.டி. வரி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 சதவீதம் விதிக்கப்பட்டது; முன்பு கூடுதல் தீர்வையையும் சேர்த்து 31 சதவீதமாக இருந்தது. வரி சேராத விலை ரூ. 2 லட்சம் என்று வைத்துக்கொண்டால், கோட்டுக்குக் கீழே வரி ரூ. 36,000, மேலே ரூ. 80,000. வித்தியாசம் ரூ. 44,000. இன்சூரன்சும் சாலை வரியும் தனி.

ஆகவே, "750 வருகிறதாம்" என்று கேட்டுச் சந்தோஷப்படுகிறவர், அதோடு வரும் வரியையும் கேட்டுக்கொள்வது நல்லது.

வாங்குமுன் யோசிக்க

வண்டி எதற்கு என்பது முதல் கேள்வி. பெங்களூர் - மைசூர் விரைவுச் சாலையின் பிரதானப் பாதையில் 2023 ஆகஸ்டு 1 முதல் இருசக்கர வாகனங்களுக்குத் தடை. 100 சி.சி. ஆனாலும் 650 ஆனாலும் அங்கே பக்கத்துச் சர்வீஸ் ரோடுதான்.

கம்பெனி அறிவிக்காத மாடலுக்கு யார் கேட்டாலும் முன்பணம் கொடுக்கக் கூடாது. அறிவித்த மாடலானாலும் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடமே, ரசீதுடன் கட்ட வேண்டும்.

புது மாடல் வரும் என்ற பேச்சு பலமாக இருந்தால் அதையே வைத்துப் பேரம் பேசலாம். கையிருப்பு வண்டி எந்த மாதம் தயாரானது, எவ்வளவு தள்ளுபடி என்று கேட்கலாம். பொறுத்திருப்பது என்று முடிவு செய்தாலும் அதற்கு மூன்று மாதம், ஆறு மாதம் என்று ஒரு கெடு வைத்துக்கொள்வது நலம். கெடுவின்றிக் கிடக்கும் சீட்டுப் பணம், வண்டி வருமுன் வேறு செலவில் கரைந்துவிடும்.

வதந்தியில் கேட்ட எஞ்சின் ஒருநாள் வரக்கூடும். கடன் மனுவில் எழுத வேண்டியதோ, நேரில் பார்த்து, ஓட்டிப் பார்த்த வண்டியின் விலையைத்தான்.