ஒரு லத்தீன் போர்வையும் என் பாட்டியும்

கடந்த ஆண்டு என் பாட்டியின் மருத்துவமனை அட்டையில் ஒரு புதிய சொல் எழுதப்பட்டிருந்தது: ‘பாலியாத்திப்’. அதைப் பார்த்ததும் மாமா, அம்மாவைத் தனியே அழைத்து, “கைவிட்டுட்டாங்க அக்கா” என்றார். பாட்டிக்கு எதுவும் தெரியக்கூடாது என்று வீட்டில் முடிவானது. குளுவாங் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டிய பாட்டியிடம், “வெறும் வயிற்றுப் புண்தான்” என்று நாங்கள் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னோம்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. அகராதியைப் புரட்டினேன்.

மலாயிலும் ஆங்கிலத்திலும் வழங்கும் அந்தச் சொல்லின் வேர், ‘பல்லியம்’ என்ற லத்தீன் சொல். போர்வை போன்ற மேலாடை என்பது அதன் பொருள். ரோமானியக் குடிமகனின் உடை தோகா; கிரேக்கரும் தத்துவ அறிஞர்களும் அணிந்தது பல்லியம். அதிலிருந்து, ‘போர்த்து’ என்ற பொருளில் ‘பல்லியாரே’ என்ற வினைச்சொல் பிறந்தது.

இங்கேதான் சொல் இரண்டாகக் கிளைக்கிறது. போர்த்துவது மறைப்பதாகவும் இருக்கலாம். ஆங்கிலத்தில் குற்றத்தைப் பூசி மெழுகுவதற்கும் இதே வேர்ச்சொல் பயன்பட்டது. சவப்பெட்டி மீது விரிக்கும் துணியின் ஆங்கிலப் பெயரும் பல்லியத்திலிருந்து வந்ததுதான். மாமா பயந்தது அந்தத் துணிக்குத்தான் போலும்.

போர்த்துவது காப்பதாகவும் இருக்கலாம். இது நமக்குப் புதிதல்ல. மயில் குளிரில் நடுங்குவதாக எண்ணித் தன் போர்வையைக் கொடுத்த பேகனைப் பள்ளியில் படித்திருக்கிறோம். மயிலுக்குப் போர்வை எதற்கு என்று அவன் கணக்குப் பார்க்கவில்லை.

மருத்துவத்தில் இச்சொல் அந்தப் பொருளில்தான் வழங்குகிறது. 1967-இல் லண்டனில் சிசிலி சாண்டர்ஸ், கடும் நோயாளிகளின் வலியைத் தணிக்கும் இல்லம் ஒன்றைத் தொடங்கினார். அவர் வழியில் கனடாவின் மாண்ட்ரியலில் பணியைத் தொடங்கிய மருத்துவர் பால்ஃபர் மவுண்ட், 1970-களின் நடுவில் இப்பணிக்குப் போர்வையின் பெயரைச் சூட்டினார். லண்டனில் வழங்கிய ‘ஹாஸ்பிஸ்’ என்ற பெயர், அங்குள்ள பிரெஞ்சு மொழியினருக்கு ஆதரவற்றோர் இல்லத்தை நினைவூட்டியதே காரணம். மலேசியாவில் 1991 முதல் ஹாஸ்பிஸ் மலேசியா இப்பணியைச் செய்கிறது. தமிழில் இதை ‘வலிதணிப்புச் சிகிச்சை’ என்கிறோம்.

நோயின் தொடக்கத்திலேயே, மற்ற சிகிச்சைகளோடு சேர்த்தே இதைத் தரலாம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். வலி, மூச்சுத் திணறல், மனக்கவலை, குடும்பத்தின் தவிப்பு எல்லாம் இதில் கவனிக்கப்படும். ‘கைவிட்டுட்டாங்க’ என்பதற்கு நேர் எதிரான பொருள்!

அப்படியானால் மருத்துவர்கள் போர்வை கொடுத்தார்கள், மறைத்தது நாங்கள்தான்.

மறுநாள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நெடுநேரம் யோசித்த பின் அவர் தலையசைத்தார். இருவரும் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தோம். அட்டையில் இருந்ததை மெல்ல விளக்கினேன். பாட்டி அழவில்லை.

“தெரியும்மா. எல்லாரும் ஒரே மாதிரி சொன்னப்பவே தெரியும்” என்றார். பிறகு, “ராத்திரி வலி குறையுமா? அதைக் கேட்டுச் சொல்லு” என்றார்.

இத்தனை நாள் அவர் வலியை எங்களிடம் மறைத்திருக்கிறார். அடுத்த முறை மருத்துவரிடம் அதைப் பாட்டியே சொன்னார். மருந்தின் அளவு மாற்றப்பட்டது. அந்த வாரம் பாட்டி இரவில் தூங்கினார்.

நண்பர்களே, உங்கள் வீட்டு அட்டையிலும் ஒருநாள் இந்தச் சொல் வரலாம். பயந்து மூடி வைக்காதீர்கள். மருத்துவரிடம் விளக்கம் கேளுங்கள். அதற்கு முன், நோயாளியிடம் வலிக்கிறதா என்று கேளுங்கள்.