மோட்டார் சைக்கிளில் தூரப் பயணமா? கொஞ்சம் நில்லுங்கள்!

நீண்ட விடுமுறை ஒன்று வந்துவிட்டால் போதும். சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு அலவத்துகொட சந்தியில் நாலைந்து மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நிற்பதைக் காணலாம். பின்னிருக்கையில் ரப்பர் பட்டியால் இறுக்கிக் கட்டிய பை, தோளில் மழைக்கோட்டு, முகத்தில் தூக்கம் தீராத சிரிப்பு. ஒரு கூட்டம் யாழ்ப்பாணத்துக்கு, இன்னொன்று திருகோணமலைக்கு, வேறொன்று மஹியங்கனை வழியாகப் பொத்துவிலுக்கு.

இந்த ஆசையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் வீட்டு வாசலைத் தொட்டுக்கொண்டு செல்லும் ஏ-9 வீதி, அக்குறணையையும் மாத்தளையையும் தம்புள்ளையையும் வவுனியாவையும் கடந்து யாழ்ப்பாணத்தில் போய் முடிகிறது. ஆனால் என் வயதுக்காரர்களுக்கு அதன் வடக்குப் பாதி நெடுங்காலம் வெறும் பெயராகவே இருந்தது. 2002 பெப்ரவரியில் திறந்தார்கள், 2006 ஆகஸ்டில் மூடினார்கள். 2009இல் போர் முடிந்த பிறகே மீண்டும் வழி பிறந்தது. வாப்பாமார் போக முடியாத வீதியில் பிள்ளைகள் போகட்டுமே! போய், முழு உடம்போடு திரும்பி வரட்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் கதையையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

2011ஆம் ஆண்டு. கிண்ணியாவில் உறவினர் வீட்டுக் கலியாணத்துக்குத் தனியாக மோட்டார் சைக்கிளில் போயிருந்தேன். மறுநாள் காலையில் கடை திறக்க வேண்டும் என்பதால், "நாளைக்குப் போகலாமே" என்ற சாச்சாவின் சொல்லைத் தட்டிவிட்டு மாலை ஐந்து மணிக்குப் புறப்பட்டேன். முந்திய இரவு கலியாண வீட்டில் தூக்கமே இல்லை. கந்தளாய் தாண்டும்போது இருட்டிவிட்டது. ஹபரணைக் காட்டுப் பகுதியில் எதிரே வந்த லொறிக்காரர் விளக்கை அணைத்து அணைத்துக் காட்டி என்னை மறித்தார். முன்னால் யானை. முக்கால் மணி நேரம் அவருடைய லொறியின் நிழலிலேயே நின்றேன்.

அங்கே இழந்த முக்கால் மணியை எப்படியாவது மீட்க வேண்டும் என்ற எண்ணம் அப்போதுதான் பிடித்துக்கொண்டது. சட்டைப் பையில் தொலைபேசி ஒலித்தது. உம்மாதான் என்று தெரியும். "எங்க மகன் ஈக்கிற? சோறு ஆறுது" என்று கேட்கப் போகிறார். நான் எடுக்கவில்லை. ஆனால் அது ஒலிக்கும் ஒவ்வொரு தடவையும் என் வலது கை வேகத்தைக் கொஞ்சம் கூட்டியது. மூன்றாவது தடவை ஒலித்தது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு நினைவில்லை.

கண் விழித்தபோது வீதியோரக் கானுக்குள் கிடந்தேன். தோளெலும்பு முறிந்திருந்தது. தலைக்கவசத்தின் ஒரு பக்கம் துருவலையில் தேய்த்ததுபோல் உராய்ந்திருந்தது. நான்காவது அழைப்பை எடுத்தவர் என்னைத் தூக்கிய தயிர்க் கடைக்காரர். அவர் சிங்களத்தில் பேசிய ஒரு சொல்லும் உம்மாவுக்கு விளங்கவில்லை. விளங்காமலே விளங்கிக்கொண்டார். நான் கோல் எடுத்ததால்தானே நடந்தது என்று பல மாதங்கள் அழுதார்.

தூக்கத்தைப் பற்றி ஒரு கணக்கு

மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் போகும் மோட்டார் சைக்கிள் ஒரு செக்கனில் ஏறத்தாழ 17 மீற்றர் ஓடிவிடும். மூன்று செக்கன் கண் அயர்ந்தால் 50 மீற்றர். அந்த 50 மீற்றருக்கும் வண்டிக்குச் சாரதி இல்லை! வேகம் இரட்டித்தால் பிரேக் பிடித்து நிற்கத் தேவையான தூரம் இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகிறது என்பதும் பலருக்குத் தெரியாது.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு தனி ஆபத்து உண்டு. அலவத்துகொடயிலிருந்து நாலந்தை வரை வீதி வளைந்து வளைந்து போகிறது, இருபுறமும் வீடும் கடையும் இருப்பதால் கண் தானாக விழித்திருக்கும். தம்புள்ளைக்கு அப்பால் வீதி நேராகிறது. வெயில், காற்று, ஒரே இரைச்சல். மலைநாட்டில் வண்டி ஓட்டிப் பழகியவனுக்கு நேர் வீதிதான் தாலாட்டு. பிளேன்டீ தற்காலிகமாக உதவும். தூக்கத்துக்கு மருந்து தூக்கம் மட்டுமே. கொட்டாவி அடுத்தடுத்து வந்தாலோ, கடைசியாகக் கடந்த ஊர் எதுவென்று நினைவுக்கு வராவிட்டாலோ நிறுத்திவிட வேண்டும். வழிநெடுகப் பள்ளிவாசல்கள் இருக்கின்றன. தொழுகைக்கு நிறுத்தும்போது இருபது நிமிடம் சாய்ந்து எழுந்தால் என்ன குறைந்துவிடும்?

இருட்டிய பிறகு ஹபரணைப் பக்கம் போகவே கூடாது என்பது என் தீர்மானம். யானையின் கரிய உடம்பு வெளிச்சத்தைத் திருப்பித் தராது. பக்கத்தில் வரும்வரை அது இருட்டின் ஒரு துண்டுதான். 2025 பெப்ரவரியில் அதே வட்டாரத்தில், கல்ஓயாவுக்கு அருகே, பயணிகள் ரயில் மோதி ஆறு யானைகள் இறந்தன. மோட்டார் சைக்கிளோடு மோதினால் யார் இறப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. வன்னிப் பக்கம் போகிறவர்களுக்கு யானையோடு மாடும் சேர்த்தி. இரவில் சூடான தார் வீதியில் மாடுகள் படுத்துக் கிடக்கும்.

கராஜுக்கு ஒரு வாரம் முன்பே

பயணத்துக்கு முந்திய நாள் மாலையில் கராஜுக்கு ஓடுவது நம்மவர் வழக்கம். அது தவறு. புதிய டயரின் மேற்பரப்பு முதல் நூறு கிலோமீற்றர் அளவுக்கு வழுக்கும். புதிய பிரேக் கட்டைகளும் படிந்து பிடிக்கச் சில நாட்கள் வேண்டும். ஒரு வாரம் முன்பே மாற்றி, கண்டிக்கு நாலு தடவை போய் வந்தால் குறை இருந்தால் வீட்டுக்குப் பக்கத்திலேயே தெரிந்துவிடும். காற்றைக் காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். பின்னால் ஆளோ சுமையோ இருந்தால் பின்டயருக்குக் கூடுதல் காற்று வேண்டும். எவ்வளவு என்பது கையேட்டில் இருக்கும். மேலதிகமாக ஒரு கிளட்ச் கேபிள், ஒரு பிளக், டியூப் டயரானால் ஒரு டியூப். இவ்வளவும் ஒரு சாப்பாட்டுப் பெட்டிக்குள் அடங்கும்.

மஹியங்கனைப் பக்கம் இறங்குகிறவர்கள் பதினெட்டு வளைவில் பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே இறங்கக் கூடாது. சூடேறினால் பிரேக்கின் பிடி தளர்ந்துவிடும். ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்குங்கள், என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். மழை தொடங்கிய முதல் கால்மணி நேரம்தான் வீதி மிகவும் வழுக்கும், தூசியும் எண்ணெயும் கரைந்து மேலே வருவதால். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழையை எதிர்பார்த்தே புறப்பட வேண்டும். 2025 நவம்பரில் டித்வா புயலின்போது கண்டி, மாத்தளை மலைப்பக்கங்கள் பட்ட பாட்டைக் கண்ட பின்னும், மண்சரிவு எச்சரிக்கை உள்ள நாளில் மலைவீதியில் ஏறுவது வீரம் ஆகாது.

லோரன்ஸ் விட்டுச் சென்ற பாடம்

அரேபியாவின் லோரன்ஸ் என்று அறியப்பட்ட ஆங்கிலேயர்மீது நமக்குப் பலவிதக் கோபங்கள் இருக்கலாம். முதலாம் உலகப் போரில் துருக்கியருக்கு எதிராக அரபிகளைத் திரட்டிவிட்டவர் அவர். அந்தப் போரிலே தப்பியவர், 1935 மே 13ஆம் திகதி இங்கிலாந்தின் ஒரு கிராமத்து வீதியில், சைக்கிளில் வந்த இரு சிறுவர்களுக்காக மோட்டார் சைக்கிளைத் திருப்பி, தூக்கி எறியப்பட்டார். தலையில் கவசம் இல்லை. ஆறாம் நாள் இறந்தார். அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஒருவரான ஹியூ கெய்ன்ஸ் அதை மறக்கவில்லை. தலைக்காயங்களை ஆராய்ந்து 1941இல் அவர் எழுதியதும், அதே ஆண்டு பிரித்தானிய இராணுவம் செய்தி காவும் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியதும் அடுத்தடுத்து நடந்தவை. பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2008இல் வெளிவந்த தொகுப்பு, தலைக்கவசம் மரண அபாயத்தை 42 சதவீதமும் தலைக்காய அபாயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்று கூறுகிறது.

நம் ஊரில் தலைக்கவசம் இருக்கிறது, நாடிப்பட்டிதான் பூட்டப்படுவதில்லை. பூட்டாத கவசம் நமக்கு முன்பே கழன்று ஓடிவிடும்.

சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. பின்னால் அமரும்போது அபாயாவின் ஓரமும் சால்வையின் நுனியும் சக்கரத்திலோ செயினிலோ சிக்குவதால் ஏற்படும் விபத்து கண்மூடித் திறப்பதற்குள் நடந்துவிடும். வண்டி நகர்வதற்கு முன் துணியை ஒதுக்கி, மடித்து, அடியில் வைத்து அமருங்கள். செயினுக்கும் பின்சக்கரத்துக்கும் மறைப்பு இல்லாத வண்டியில் தூரப் பயணம் வேண்டாம். எண்ணெய்த் தாங்கியின்மேல் ஒரு பிள்ளை, நடுவில் ஒரு பிள்ளை என்று குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு மாத்தளைக்குப் போகிறவர்களையும் பார்க்கிறேன். பஸ் ஓடும் வீதியில் ஏன் இந்தத் துணிச்சல்?

வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது

இந்த நாட்டில் ஆண்டுதோறும் 2,000க்கும் அதிகமானோர் வீதி விபத்தில் இறக்கிறார்கள். அவர்களில் மோட்டார் சைக்கிளில் போனவர்களே பெருந்தொகை. இவர்களில் எத்தனை பேர் "வந்துகொண்டே இருக்கிறேன்" என்று வீட்டுக்குச் சொன்னவர்களோ!

ஆகவே எங்கள் வீட்டில் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். போகிறவர் அழைப்பார், இருப்பவர் அழைக்கமாட்டார். தம்புள்ளையில் ஒன்று, வவுனியாவில் ஒன்று என்று நிறுத்தும் இடங்களை முன்கூட்டியே பேசிவைப்போம். தாமதமானால் ஒரு செய்தி அனுப்புவோம், நிறுத்தும்போது அவர் பார்ப்பார். திரும்பும் நாளுக்கு அடுத்த நாளைக் கடைக்கோ வகுப்புக்கோ ஒதுக்காமல் சும்மா விட்டுவிடுவோம். வீட்டு இலக்கத்தையும் இரத்த வகையையும் ஒரு தாளில் எழுதிப் பணப்பையில் வைப்போம். இலவச அம்பியூலன்ஸுக்கு 1990, பொலிஸுக்கு 119, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117. விழுந்தவரை யாரும் முச்சக்கர வண்டிக்குள் மடித்துத் திணிக்கக் கூடாது. மூச்சு விட முடியாத நிலை இருந்தாலன்றித் தலைக்கவசத்தை இழுத்துக் கழற்றவும் கூடாது.

சென்ற வருடம் என் மூத்த மகன் யாழ்ப்பாணம் போய்த் திரும்பும்போது, மஃரிபுக்கு வவுனியாவில் நின்று என் உம்மாவை அழைத்தான். ராவைக்கு இங்கேயே தங்கவா என்று கேட்டான். வீட்டில் அவனுக்குப் பிடித்த இறைச்சிக் கறி அடுப்பில் இருந்தது. உம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"நிண்டு நல்லாத் தூங்கிட்டு நாளைக்கு வா மகன். கறிய நான் சூடாக்கி வைக்கிறேன்."