கைமாறிய கடன்: கேட்பவர் யார், அவருக்கு உரிமை உண்டா?

மட்டாஞ்சேரிக்குக் கடன் புதியதன்று. மிளகும் சுக்கும் ஏலமும் மூட்டை மூட்டையாய் இறங்கிய அதன் கடைவீதியில் குஜராத்தியரும் கொங்கணியரும் யூதரும் தமிழரும் நம்பிக்கையை முதலாகக் கொண்டு வணிகம் நடத்தினர். இந்திய வணிகர்களிடையே உண்டியல் என்னும் தாள் ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாறும். உரியவர் அதைக் காட்டிப் பணம் பெறுவார். ஆகவே ஒருவருக்குத் தர வேண்டிய தொகையை வேறொருவர் வந்து கேட்பது பழைய வழக்கமே. ஆயினும் அவ்வழக்கத்தில் ஒரு நெறி இருந்தது: தாளைக் காட்டாதவருக்குப் பணம் இல்லை.

இன்று கடனைக் கேட்பவர் பெரும்பாலும் நேரில் வருவதில்லை. “சில ஆண்டுகளுக்கு முன் செயலி வழியாக நீங்கள் வாங்கிய கடனை எங்கள் நிறுவனம் விலைக்கு வாங்கிவிட்டது, மாலைக்குள் கட்டுங்கள்” என்று அறிமுகமற்ற குரல் ஒன்று தொலைபேசியில் சொல்கிறது. அச்சத்தில் உடனே பணம் அனுப்பிவிடுவோர் உண்டு. அழைப்பைத் துண்டித்துவிட்டு மறந்துவிடுவோரும் உண்டு. இரண்டுமே இழப்பில் முடியக்கூடும். பழைய வணிகரின் நெறியே இங்கும் துணை: முதலில் தாளைக் கேட்க வேண்டும்.

சம்பள நாள் வரை ஒரு கடன்

மாதக் கடைசியில் மருத்துவச் செலவோ பள்ளிக் கட்டணமோ வந்துவிட்டால், நாட்கூலிக்கும் சிறு சம்பளத்திற்கும் வேலை செய்வோர் குறுகிய காலக் கடனை நாடுகின்றனர். மட்டாஞ்சேரியின் சுமைதூக்கும் தொழிலாளர்கள், ஃபோர்ட் கொச்சியின் சலவைக் கூடத்தில் தலைமுறைகளாகத் தொழில் செய்துவரும் தமிழ்க் குடும்பங்கள், சிறு கடைகளின் பணியாளர்கள் ஆகியோருக்கு முன்பு தெருவட்டிக்காரர் கடன் தந்தார். கேரளத்தார் இக்கொடுவட்டியைப் ‘பிளேடு’ என்பர். 2014 மே மாதத்தில் மாநில அரசு ‘ஆபரேஷன் குபேரா’ என்ற பெயரில் இவர்கள்மீது காவல்துறை நடவடிக்கையைத் தொடங்கியது. இப்போது அவ்விடத்தில் கைப்பேசிச் செயலியும் வந்து சேர்ந்திருக்கிறது.

இத்தகைய கடனின் உண்மையான விலையை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கால் அறியலாம். 10,000 ரூபாய்க் கடனில் கட்டணமாக 2,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 8,000 ரூபாயைக் கையில் தந்து, 14 நாட்களில் 10,000 ரூபாய் கேட்டால், வட்டி 14 நாட்களுக்கு 25 விழுக்காடு. ஆண்டுக்கு ஏறத்தாழ 650 விழுக்காடு. நின்றுபோன ஒரு சிறு கடன் சில ஆண்டுகளில் அடையாளம் தெரியாத தொகையாக வளர்வது இப்படித்தான்.

கடனை யார் வாங்கலாம்?

கடனை விற்பது சட்டத்திற்கு உட்பட்டதே. ஆனால் எல்லோரும் வாங்கிவிட முடியாது. 2021 செப்டம்பர் 24இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட கடன் மாற்ற நெறிகளின்படி, வங்கியோ வங்கிசாரா நிதி நிறுவனமோ வழங்கிய சிறு தனிநபர் கடனை மற்றொரு வங்கி அல்லது வங்கிசாரா நிதி நிறுவனம் பெறலாம்; வாராக்கடனாயின் பதிவுபெற்ற சொத்து மறுசீரமைப்பு நிறுவனமும் பெறலாம். பதிவில்லாத வசூல் அலுவலகமோ தனியாளோ “நான் வாங்கிவிட்டேன்” என்று சொன்னால் அச்சொல்லை நம்புவதற்கில்லை. உங்களை அழைப்பவர் பல நேரங்களில் கடனை வாங்கியவர் அல்லர். வாங்கிய நிறுவனத்திற்காகவோ முதலில் கடன் தந்த நிறுவனத்திற்காகவோ வசூலிக்கும் முகவர் மட்டுமே.

சொத்துரிமை மாற்றச் சட்டம், 1882, கடன்பட்டவருக்கு மூன்று பாதுகாப்புகளை அளிக்கிறது. கடன் உரிமை எழுத்து மூலம், கையொப்பத்துடன் மாற்றப்பட வேண்டும். மாற்றம் பற்றிய அறிவிப்பு எழுத்தில் இருக்க வேண்டும். வாங்கியவரின் பெயரும் முகவரியும் அதில் இடம்பெற வேண்டும். மூன்றாவது பாதுகாப்பு மிக முக்கியமானது: விற்றவருக்கு எதிராக உங்களுக்கு என்னென்ன வாதங்கள் இருந்தனவோ அவையெல்லாம் வாங்கியவருக்கு எதிராகவும் செல்லும். மாற்றம் நடந்ததை அறியாமல் முதல் நிறுவனத்திடம் நீங்கள் செலுத்திய தொகையைப் புதியவர் மீண்டும் கேட்க இயலாது. ஆகவே பழைய ரசீதுகளையும் வங்கிக் கணக்கு அறிக்கைகளையும் தேடி எடுத்து வையுங்கள்.

மூன்று ஆண்டுக் கணக்கு

காலவரம்புச் சட்டம், 1963இன்படி, பிணையில்லாக் கடனுக்காக வழக்குத் தொடுக்கப் பொதுவாக 3 ஆண்டுகளே உண்டு. கடன் 2022 ஜூன் 10இல் திருப்பிச் செலுத்த வேண்டியதாக இருந்து, இடையில் எதுவும் நிகழாவிட்டால், 2025 ஜூன் மாதத்தோடு அவ்வரம்பு முடிகிறது. பெருந்தொற்றுக் காலத்துக் கடனுக்குக் கணக்கு வேறு: 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான காலத்தை வரம்பில் சேர்க்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2022 ஜனவரியில் ஆணையிட்டது.

அந்த 3 ஆண்டுகளுக்குள் கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டாலும், ஒரு பகுதியைச் செலுத்தியதற்கு உங்கள் கையெழுத்திலோ கையொப்பத்திலோ பதிவு இருந்தாலும், அந்நாளிலிருந்து புதிதாக 3 ஆண்டுகள் தொடங்கும். வரம்பு கடந்தபின் சிறு தொகை செலுத்துவதால் மட்டும் பழைய காலம் உயிர்பெறாது. ஆனால் “செலுத்துகிறேன்” என்று எழுதிக் கையொப்பமிட்டால், இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்கீழ் அது புதிய ஒப்பந்தமாகிவிடும். “நல்லெண்ணத்திற்காக 500 ரூபாய் மட்டும் அனுப்புங்கள்”, “இந்தத் தாளில் ஒரு கையெழுத்துப் போடுங்கள்” என்ற வேண்டுகோள்களின் பின்னால் இந்தக் கணக்கு இருக்கலாம்.

ஒன்றை மறந்துவிடலாகாது. காலவரம்பு கடந்தால் வழக்குத் தொடுக்கும் வழியே அடைபடுகிறது, கடன் அழிந்துவிடுவதில்லை. கணக்கேட்டிலிருந்து கடனை நீக்குவதும் தள்ளுபடி ஆகாது. உங்கள் கடன் தகவல் அறிக்கையில் அது நிலுவையாகத் தொடர்ந்து, நாளைய வீட்டுக் கடனுக்குத் தடையாக நிற்கலாம்.

வசூலிப்பவருக்கு உள்ள எல்லைகள்

ரிசர்வ் வங்கியின் 2022 ஆகஸ்ட் 12 சுற்றறிக்கை தெளிவானது: நிலுவைக்காகக் காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பின்போ அழைக்கலாகாது; மிரட்டலாகாது; உறவினரையும் நண்பரையும் தொல்லை செய்யலாகாது; பொதுவெளியில் இழிவுபடுத்தலாகாது. முகவர் செய்யும் தவற்றுக்கு அவரை அமர்த்திய நிறுவனமே பொறுப்பு. செயலிக் கடன்களுக்கான நெறிகள் மேலும் சொல்கின்றன: செயலி உங்கள் தொடர்புப் பட்டியலையும் அழைப்புப் பதிவுகளையும் எடுக்கலாகாது, வசூல் முகவர் அமர்த்தப்பட்டால், அவர் உங்களைத் தொடர்புகொள்ளும் முன்பே அவரைப் பற்றிய விவரம் மின்னஞ்சலிலோ குறுஞ்செய்தியிலோ வர வேண்டும்.

“இன்றே கைது செய்வார்கள்” என்பது வெற்று மிரட்டல். கடனைக் கட்ட இயலாமை உரிமையியல் விவகாரம். அதற்காக மட்டும் எவரையும் கைது செய்ய இயலாது. காசோலை கொடுத்து அது திரும்பியிருந்தால் மட்டும் தனிச் சட்டம் உண்டு என்பதால், அந்நிலையில் வழக்கறிஞரை உடனே நாடுங்கள்.

எழுத்தில் கேளுங்கள்

தொலைபேசியில் வாதிட வேண்டா. அழைத்தவரின் பெயர், நிறுவனம், எண், நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு பின்வருமாறு எழுதுங்கள்:

“என் பெயரில் உள்ளதாக நீங்கள் கூறும் கடன் தொடர்பாக மூலக் கடன் ஒப்பந்தம், கடன் மாற்றப்பட்டதற்கான ஆவணம், முழுக் கணக்கு விவரம், உங்களுக்கு வசூல் அதிகாரம் அளித்த கடிதம் ஆகியவற்றின் நகல்களை அனுப்பவும். இக்கடிதம் எக்கடனையும் ஒப்புக்கொள்வதாகவோ செலுத்த உறுதியளிப்பதாகவோ ஆகாது. இனி எல்லாத் தொடர்பும் எழுத்தில் அமையட்டும்.”

இதன் நகலை முதலில் கடன் தந்த நிறுவனத்திற்கும் அனுப்பிக் கடன் விற்கப்பட்டதா என்று கேளுங்கள். அதே வேளையில் உங்கள் கடன் தகவல் அறிக்கையைப் பாருங்கள். நாட்டிலுள்ள நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அதில் தவறு இருந்து, முறையிட்ட 30 நாட்களுக்குள் தீர்க்கப்படாவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

கடன் உண்மையெனில்

ஆவணங்கள் வந்து கடன் உங்களுடையதே என்று தெளிந்தால், அதைத் தீர்ப்பதே மேன்மை. உங்களால் இயன்ற தொகையைக் கணக்கிட்ட பின்னரே பேசுங்கள். ஒருமுறைத் தீர்வாயினும் தவணையாயினும், நிபந்தனைகள் நிறுவனத்தின் கடிதத்தில் வந்த பிறகே பணம் கட்டுங்கள். முகவரின் சொந்தக் கணக்கிற்கன்றி நிறுவனத்தின் வங்கிக் கணக்கிற்கே செலுத்துங்கள். முடிந்ததும் நிலுவையின்மைச் சான்றைக் கேட்டுப் பெறுங்கள். குறைந்த தொகைக்கு முடித்த கடன் அறிக்கையில் ‘சமரசத் தீர்வு’ என்றும், முழுமையாகக் கட்டியது ‘முடிக்கப்பட்டது’ என்றும் பதிவாகும். முன்னது பிற்காலக் கடன் விண்ணப்பத்தில் குறையாகக் கருதப்படலாம்.

எங்கே முறையிடுவது?

முதலில் அந்நிறுவனத்தின் குறைதீர் அலுவலரிடம் எழுதுங்கள். 30 நாட்களில் விடை வராவிட்டாலோ நிறைவு தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். உதவி எண் 14448. பதிவில்லாத செயலி என்றால் ‘சச்சேத்’ இணையதளத்திலும், இணைய மோசடியாயின் 1930 என்ற எண்ணிலும் தெரிவியுங்கள். உள்ளூர் வட்டிக்காரர்கள் மீது கேரளக் கடனளிப்போர் சட்டம், 1958 செல்லும். ரிசர்வ் வங்கியிடம் பதிவுபெற்ற நிதி நிறுவனங்களுக்கு மாநிலச் சட்டங்கள் பொருந்தா என்று 2022 மே 10இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததால், அவை பற்றிய முறையீடு குறைதீர்ப்பாளருக்கே செல்ல வேண்டும். மிரட்டலுக்குக் காவல் நிலையமும், இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணும் உள்ளன.

2023 செப்டம்பரில் கொச்சியை அடுத்த கடமக்குடியில் ஒரு குடும்பத்தின் நால்வர் உயிரிழந்தபோது, கடன் செயலிகளின் மிரட்டலும் காவல்துறையின் விசாரணைக்கு வந்தது. எந்தக் கடனும் ஓர் உயிருக்கு ஈடாகாது. மனம் தளரும் நேரத்தில் 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண்ணில் எந்நேரமும் தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். வீட்டாரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். உங்கள் வங்கிக் கிளைக்கும் அந்தத் தாள்களோடு வாருங்கள். கணக்கைப் படித்துப் புரிந்துகொள்ள உதவுவதும் வங்கியின் பணிகளுள் ஒன்றே.