கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெறலாமா?

ரவாங்கை அடுத்த பத்து ஆராங்கில் 1915 முதல் 1960 வரை நிலக்கரி தோண்டினார்கள். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடும்பங்களின் பாட்டனார் காலத்து எஞ்சின்களுக்கு அந்தக் கரியும் பயன்பட்டது. அதை வெட்டியவர்களுள் நம்மவரும் உண்டு.

இன்று நம் நாட்டில் சுரங்கம் தோண்டுவோர் வேலைத் திட்டத்தை அதிகாரியிடம் கொடுத்து முதலில் அனுமதி பெற வேண்டும் என்கிறது 1994ஆம் ஆண்டுக் கனிம மேம்பாட்டுச் சட்டம். அனுமதி கிடைத்துவிட்டால் ஆபத்து நீங்கிவிடுமா?

அமெரிக்காவில் யூட்டா மாநிலத்துக் கிரான்டல் கேன்யன் சுரங்கத்தைப் பாருங்கள். 2007 மார்ச்சில் அங்கே ஒரு பகுதியில் கரிச்சுவர் வெடித்துச் சரிந்தது. இருந்தும் மற்றொரு பகுதியைத் தோண்டும் திட்டத்தை அரசு ஏற்றது. ஆகஸ்டு 6இல் ஆறு பேர் புதையுண்டனர். பத்தாம் நாள், மீட்கச் சென்றவர்களில் மூவர் மாண்டனர். தாங்கு தூண்கள் பாரம் தாங்காதபடி திட்டம் அமைந்திருந்தது என்று 2008இல் விசாரணை அறிக்கை கூறியது. கொடுத்த அனுமதியை மீட்கும் அதிகாரம் அங்கே அரசுக்கு உண்டு. உரிய வேளையில் அது பயன்படவில்லை.

சுற்றுலாவுக்குச் சம்மதித்த ஆசிரியர், ஆற்றில் வெள்ளம் வருகிறது என்று கேட்டபின் பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றுவாரா? சுரங்கத்துக்கும் அதே நியாயம்தான்.