பொத்தானை அமுக்கினால் கம்ப்யூட்டர் ஓடவில்லையா?

பொத்தானை அமுக்குகிறீர்கள். விளக்கு எரியவில்லை. விசிறி சுற்றவில்லை. கம்ப்யூட்டர் சத்தம் இல்லாமல் கிடக்கிறது. உங்கள் மகளிர் குழுவின் மூன்று வருடக் கணக்கு அதற்குள் இருக்கிறது. யார் எவ்வளவு கடன் வாங்கினார்கள், யார் எவ்வளவு கட்டினார்கள், எல்லாம் அதில்தான். வயிற்றைக் கலக்கத்தான் செய்யும்.

பயப்படாதீர்கள். கணக்கு இருப்பது ஹார்ட் டிஸ்க் என்ற பாகத்தில். மின்சாரம் வராததால் மட்டும் அதில் எழுதியது அழிந்துவிடாது. வீட்டில் கரண்ட் போனால் பீரோவில் உள்ள நோட்டுப் புத்தகம் அழிந்துவிடுகிறதா? பெட்டி ஓடவில்லை என்பது வேறு. கணக்கு போய்விட்டது என்பது வேறு. இந்த வித்தியாசம் தெரியாதவரிடம்தான் சிலர் அதிகமாகக் காசு பிடுங்குகிறார்கள்.

நாம் பேசுவது பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய கம்ப்யூட்டரைப் பற்றி. இதை அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் என்பார்கள். டெல்லியில் நேரு பிளேஸ், மும்பையில் லேமிங்டன் சாலை, பெங்களூருவில் எஸ்.பி. சாலை, சென்னையில் ரிச்சி தெரு போன்ற இடங்களில் பாகங்கள் தனித்தனியாகக் கிடைக்கும். வாங்கி வந்து வீட்டிலேயே பூட்டிக்கொள்ளலாம். இதில் ஒரு வசதி உண்டு. ஒரு பாகம் கெட்டால் அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம். முழுப் பெட்டியையும் தூக்கி எறிய வேண்டாம்.

கெட்டது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் என்ன செய்வோம்? மடையில் தொடங்கி வாய்க்கால் ஓரமாகவே நடந்து பார்ப்போம். அடைப்பு எங்கே இருக்கிறதோ அங்கே மண்ணை எடுப்போம். கம்ப்யூட்டருக்கும் இதே வழிதான். மின்சாரம் வரும் பாதையில் நாமும் நடப்போம்.

சுவரிலிருந்து பெட்டி வரை

சுவர் பிளக்கில் செல்போன் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். போன் சார்ஜ் ஆகிறதா? அப்படியானால் அங்கே மின்சாரம் இருக்கிறது. நடுவில் எக்ஸ்டென்ஷன் பெட்டியோ யு.பி.எஸ்ஸோ இருந்தால் அதை ஒதுக்கிவிட்டு, கம்ப்யூட்டரை நேராகச் சுவரில் செருகுங்கள். யு.பி.எஸ். பேட்டரி செத்துப்போனாலும் பழி கம்ப்யூட்டர் மேல்தான் விழும்.

அடுத்தது கம்பி. மானிட்டருக்கு வரும் கம்பியும் பல வீடுகளில் இதே மாதிரிதான் இருக்கும். இரண்டையும் மாற்றிச் செருகிப் பாருங்கள். செலவே இல்லாத சோதனை இது.

கம்பியின் முனையில் மூன்று கால்கள் இருக்கும். தடித்த நீளமான கால் எர்த் கால். சிலர் அதை ஒடித்துவிட்டு இரண்டு ஓட்டை உள்ள பிளக்கில் செருகுகிறார்கள். அப்படிச் செய்யவே கூடாது. பெட்டியைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கிறதா? எர்த் சரியில்லை என்று பொருள். முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். கம்ப்யூட்டர் அப்புறம்.

இப்போது பெட்டியின் பின்பக்கம் பாருங்கள். கம்பி நுழையும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சுவிட்ச் இருக்கும். அதில் எழுத்து இருக்காது. ஒரு கோடும் ஒரு வட்டமும் இருக்கும். கோட்டுப் பக்கம் அமுங்கியிருந்தால் மின்சாரம் உள்ளே போகும். வட்டத்துப் பக்கம் அமுங்கியிருந்தால் போகாது. தூசி தட்டும்போது கை பட்டு இது அணைந்துவிடுவது உண்டு.

பழைய பெட்டிகள் சிலவற்றில் அதே இடத்தில் ஒரு சிவப்புத் தள்ளு சுவிட்ச் இருக்கும். அதில் 115 அல்லது 230 என்ற எண் தெரியும். நம் நாட்டில் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். எனவே 230 என்றுதான் தெரிய வேண்டும். 115-ல் வைத்து மின்சாரம் போட்டால் உள்ளே வெடித்துவிடும். குழந்தைகள் கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டிக்கு உள்ளே

சுவிட்சுக்கு உள்பக்கம் இருக்கும் தகர டப்பாவுக்கு எஸ்.எம்.பி.எஸ். என்று பெயர். 230 வோல்ட்டை வாங்கி, 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று சிறிதாக்கிக் கொடுப்பது இதன் வேலை. மின்சாரம் ஏறி இறங்கினாலோ இடி இடித்தாலோ முதல் அடி வாங்குவது பெரும்பாலும் இதுதான். சில நேரம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இது தானே பூட்டிக்கொள்ளும். அப்போது கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். முன்பக்கப் பொத்தானைப் பத்து விநாடி அமுக்கிப் பிடியுங்கள. ஐந்து நிமிடம் கழித்து மறுபடி செருகிப் பாருங்கள். ஓடினாலும் ஓடும்.

இந்த டப்பாவை மட்டும் நீங்கள் பிரிக்காதீர்கள். கம்பியைப் பிடுங்கிய பிறகும் இதற்குள் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். அது உயிரை எடுக்கும்.

மற்ற பாகங்களைப் பார்க்கலாம். கம்பியைப் பிடுங்கிய பிறகே பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றுங்கள். உள்ளே பெரிய பலகை ஒன்று தெரியும். அதுதான் மதர்போர்டு. எஸ்.எம்.பி.எஸ்ஸிலிருந்து அதற்கு இரண்டு கம்பிக் கொத்துகள் வர வேண்டும். அகலமானதில் 24 ஓட்டைகள் இருக்கும். சிறியதில் 4 அல்லது 8 இருக்கும். சிறியது புராசஸருக்குப் பக்கத்தில் செருகப்படும். வீட்டில் பூட்டுகிறவர்கள் இதை மறந்துவிடுவது சகஜம். அப்போது விசிறி சுற்றினாலும் படம் வராது. இரண்டையும் 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்துங்கள்.

சில பலகைகளில் மின்சாரம் வந்ததும் ஒரு சின்ன விளக்கு எரியும். பொத்தானை அமுக்காமலேயே எரியும். அது எரிந்தால் மின்சாரம் பலகை வரை வந்திருக்கிறது. இனிச் சந்தேகப்பட வேண்டியது பொத்தானைத்தான். பொத்தானிலிருந்து மெல்லிய கம்பி ஒன்று வந்து பலகையின் ஓரத்தில் இரண்டு ஊசிகளில் உட்கார்ந்திருக்கும். கழன்றிருக்கிறதா, ஊசி மாறியிருக்கிறதா என்று பாருங்கள். எந்த ஊசி என்பது பலகையோடு வந்த புத்தகத்தில் படமாக இருக்கும். பல பெட்டிகளில் ரீசெட் என்று இன்னொரு பொத்தான் உண்டு. அதன் கம்பியை எடுத்துப் பவர் ஊசிகளில் செருகி, அந்தப் பொத்தானை அமுக்குங்கள். ஓடினால் கெட்டது பழைய பொத்தான் மட்டுமே.

விசிறி ஒரு துடிப்பு துடித்து நின்றுவிடுகிறதா? எங்கேயோ படக்கூடாத இடத்தில் உலோகம் படுகிறது. பலகைக்கு அடியில் திருகாணி ஏதாவது விழுந்து கிடக்கும். அல்லது பலகையைத் தாங்கும் பித்தளைக் கால் தவறான இடத்தில் இருக்கும். இதற்குப் பலகையையே கழற்ற வேண்டிவரும். பழக்கம் உள்ளவரிடம் விடுவது நல்லது.

கடைக்குப் போகும்போது

இத்தனையும் பார்த்துவிட்டுப் போனால் உங்களால் விவரமாகப் பேச முடியும். "அண்ணே, சுவரில் கரண்ட் வருது. கம்பி மாத்திப் பார்த்தாச்சு. பொத்தானையும் பார்த்தாச்சு. எஸ்.எம்.பி.எஸ்ஸைச் சோதிச்சுப் பாருங்க" என்று கேளுங்கள். கடையில் வேறு ஒரு எஸ்.எம்.பி.எஸ். கட்டாயம் இருக்கும். அதை உங்கள் பெட்டியில் பொருத்தி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஓடினால் பழையதுதான் கெட்டது. ஓடாவிட்டால் பலகையைப் பார்க்க வேண்டும். சோதிக்காமலேயே "போர்டு போச்சு, புதுசு வாங்குங்க" என்று சொல்கிறவரை நம்பிவிடாதீர்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி ரசீது உண்டு, தனித்தனி கியாரண்டி உண்டு. ரசீதுகளையும் எடுத்துப் போங்கள்.

ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம். மின்சாரம் வருகிறதா என்று பார்க்க அது தேவையே இல்லை. அதில் இரண்டு கம்பிகளும் சில திருகாணிகளும்தான் இருக்கும். புதிய பெட்டிகளில் அது பட்டையாக, விரல் நீளத்தில், பலகையிலேயே செருகியிருக்கும். ஒரே திருகாணியைக் கழற்றினால் வந்துவிடும். கணக்கு அவசரமாக வேண்டுமென்றால், அந்த டிஸ்க்கை வேறு கம்ப்யூட்டரில் செருகிப் படிக்கலாம். ரகசியச் சொல் போட்டுப் பூட்டியிருந்தால் அந்தச் சொல் தெரிய வேண்டும். அதைக் குழு நோட்டில் இன்றே எழுதி, நோட்டைப் பீரோவில் வையுங்கள்.