ப்ராசஸர் வாங்குமுன் பயாஸைப் பாருங்கள்

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றுபோனது. வீட்டுப் பயனாளர்களுக்கான ஓராண்டு நீட்டிப்புத் திட்டத்தில் பதிந்துகொண்டவர்களுக்கும் 2026 அக்டோபர் 13 வரைதான் அவகாசம். தேதி நெருங்க நெருங்க வாசகர் கடிதங்களில் ஒரே கேள்விதான் வேறு வேறு உருவில் வருகிறது: ஏழெட்டு வருடத்துக்கு முன் குறைந்த விலையில் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் இது, ப்ராசஸரை மட்டும் மாற்றிவிட்டு விண்டோஸ் 11 போட்டுக்கொள்ளலாமா?

கேட்பவர்களில் டிடிபி கடை வைத்திருப்பவர்கள் உண்டு, டேலியில் கணக்கு எழுதிப் பிழைப்பவர்கள் உண்டு, பிள்ளைகளின் படிப்புக்காகத் தவணையில் கணினி வாங்கிய பெற்றோரும் உண்டு. இவர்களுக்கு நாலாயிரமும் ஐயாயிரமும் சின்னத் தொகை அல்ல. ஒரு வாசகர் ரிச்சி ஸ்ட்ரீட்டில் செகண்ட் ஹேண்ட் ப்ராசஸர் வாங்கிவந்து மாட்டியிருக்கிறார். மின்விசிறி சுற்றியது, திரை கறுப்பாகவே நின்றது. "போர்டு போயிடுச்சு" என்று பழுதுபார்ப்பவர் சொல்ல, புது போர்டும் புது ராமும் வாங்கிவிட்டார். அவர் எழுதியிருக்கும் விவரங்களைப் பார்த்தால் அந்த போர்டில் எந்தப் பழுதும் இருந்ததாகத் தெரியவில்லை. எது நடந்திருக்கும் என்பதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன். அதற்கு முன் பட்டியல் விவகாரம்.

விண்டோஸ் 11 'ஆதரிக்கும்' ப்ராசஸர் என்றால், மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட பட்டியலில் பெயர் இருக்கும் ப்ராசஸர் என்று மட்டுமே பொருள். இன்டெலில் எட்டாம் தலைமுறை முதல், ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசை முதல் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். பாதுகாப்புதான் காரணம் என்பது நிறுவனத்தின் விளக்கம். விண்டோஸின் கெர்னலுக்குள் கள்ள நிரல் புகாமல் தடுக்கும் 'மெமரி இன்டெக்ரிட்டி' என்ற அரண், கணினியின் வேகத்தைக் குறைக்காமல் இயங்க வேண்டுமானால் ப்ராசஸருக்குள்ளேயே அதற்கான வசதி இருக்க வேண்டும். இதுவரை நியாயம். ஆனால் மைக்ரோசாஃப்டின் தொழில்நுட்ப ஆவணமே சொல்வது என்ன? அந்த வசதி இன்டெலில் ஏழாம் தலைமுறையிலேயே வந்துவிட்டது; ஏஎம்டியில் ஜென் 2 கட்டமைப்பில்தான், அதாவது டெஸ்க்டாப்பில் ரைசன் 5 3600 போன்றவற்றில்தான் வந்தது. பட்டியல் இதற்கு நேர்மாறாக நிற்கிறது. வசதி உள்ள ஐ5-7500 வெளியே, வசதி இல்லாத ரைசன் 5 2600 உள்ளே. ஏழாம் தலைமுறையில் விலக்குப் பெற்ற மிகச் சிலவற்றில் ஒன்று ஐ7-7820எச்கியூ. மைக்ரோசாஃப்டின் சொந்தத் தயாரிப்பான சர்ஃபேஸ் ஸ்டூடியோ 2 கணினியில் இருப்பது அதுதான்.

2021 ஆகஸ்டில் நிறுவனம் இன்னொரு காரணமும் சொன்னது. தகுதி பெறாத கணினிகளில் கெர்னல் முடக்கம் 52 சதவீதம் அதிகமாம். தகுதி பெற்றவை 99.8 சதவீதம் முடக்கமின்றி ஓடின என்றும் அதே அறிவிப்பில் இருந்தது. இரண்டையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்த்தால் ஆயிரத்தில் இரண்டு என்பது ஏறக்குறைய மூன்று ஆகிறது. கோடிக்கணக்கான கணினிகளைக் கழித்துக்கட்ட இது போதுமான காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை.

எப்படியானாலும் பட்டியல் பட்டியல்தான். எச்110 போர்டில் ஐ3-6100 அல்லது ஐ3-7100 வைத்திருப்பவர், அந்த போர்டு ஏற்கும் உச்சமான ஐ7-7700 வகையைத் தேடி வாங்கினாலும் உள்ளே நுழைய முடியாது. அதைவிடப் பழைய எச்61, எச்81 போர்டுகளுக்கும் இதே கதி. வேகம் போதவில்லை என்றால் மாற்றுங்கள். இரண்டு கோரிலிருந்து நான்கு கோருக்குப் போவது நன்றாகவே தெரியும். விண்டோஸ் 11ஐ மனத்தில் வைத்து மட்டும் இந்த போர்டுகளில் ஒரு ரூபாயும் போடாதீர்கள். எச்310 போர்டில் ஐ3-8100 வைத்திருப்பவர்கள் மாற்றவே வேண்டாம், அது ஏற்கெனவே பட்டியலில் இருக்கிறது. எண்ணை மட்டும் பார்த்து ஏமாறவும் வேண்டாம்: ரைசன் 3 2200ஜி பெயரில் 2000 வரிசை, உள்ளே இருப்பதோ முதல் தலைமுறை ஜென், ஆகவே பட்டியலில் இடமில்லை.

மாற்றினால் பலன் கிடைக்கும் கூட்டம் ஒன்று உண்டு. ஏஎம்4 சாக்கெட் போர்டு வைத்திருப்பவர்கள்.

எட்டுக் கால் சிப்

2017இல் வந்த முதல் ரைசனும் 2020 கடைசியில் வந்த ரைசன் 5000 வரிசையும் ஒரே 1331 துளை சாக்கெட்டில் உட்காரும். விலை குறைந்த ஏ320 போர்டில் ரைசன் 3 1200 வைத்திருப்பவர், ஆறு கோர் கொண்ட ரைசன் 5 5600ஜி வரை போகலாம். அது விண்டோஸ் 11 பட்டியலிலும் இருக்கிறது. ஆனால் சாக்கெட்டில் உட்காரும் ப்ராசஸரெல்லாம் இயங்கிவிடாது.

பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி போர்டைப் பாருங்கள். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியதாக, பக்கத்துக்கு நான்காக எட்டுக் கால்கள் கொண்ட கறுப்பு சிப் ஒன்று இருக்கும். கணினியைத் தொடக்கி வைக்கும் அடிப்படை நிரலான பயாஸ் குடியிருப்பது அங்கேதான். பவர் பட்டனை அழுத்தியதும் ரைசனின் பெரிய கோர்கள் முதலில் விழிப்பதில்லை. ப்ராசஸருக்குள்ளேயே ஒளிந்திருக்கும் சிறிய ஏஆர்எம் ப்ராசஸர் ஒன்றுதான் முதலில் எழுகிறது. அந்த எட்டுக் கால் சிப்பிலிருந்து தன் தலைமுறைக்குரிய நிரலைத் தேடி எடுக்கிறது. அதன் கையொப்பம் சரியா என்று பார்க்கிறது. ராமைப் பழக்கித் தயார் செய்கிறது. இவ்வளவும் முடிந்த பிறகே பெரிய கோர்களுக்குக் கதவு திறக்கிறது.

தன் தலைமுறைக்கான நிரல் அந்தச் சிப்பில் இல்லையென்றால் எல்லாம் அங்கேயே நின்றுவிடும். திரையில் லோகோ வராது, பிழைச் செய்தி வராது, பீப் ஒலிகூட வராது. மின்விசிறி மட்டும் சுற்றும். செத்த போர்டுக்கும் நிரல் இல்லாத போர்டுக்கும் வெளிப்பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. நம் வாசகருக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான்.

பயாஸை அப்டேட் செய்துவிட்டால் தீர்ந்தது. சிக்கல் என்னவென்றால், அப்டேட் செய்யக் கணினி ஓட வேண்டும். ஓடுவதற்கு, இருக்கும் பயாஸுக்குப் பழக்கமான பழைய ப்ராசஸர் வேண்டும். பழையதை விற்ற காசில் புதியதை வாங்கியவர் வசமாக மாட்டிக்கொள்கிறார். ஏஎம்டியே இதை உணர்ந்து, புது ப்ராசஸர் வாங்கி மாட்டிக்கொண்டவர்களுக்குச் சிறிய ப்ராசஸர் ஒன்றைக் கொஞ்ச நாள் இரவல் தரும் ஏற்பாட்டை ஒரு காலத்தில் வைத்திருந்தது. ப்ராசஸரே இல்லாமல் பென்டிரைவிலிருந்து பயாஸ் ஏற்றும் பட்டன் சில போர்டுகளில் உண்டு. விலை குறைந்த போர்டுகளில் பெரும்பாலும் இருக்காது. ஆகவே பழைய ப்ராசஸர் சாக்கெட்டில் இருக்கும்போதே அப்டேட், அதன் பிறகே கழற்றுவது. இந்த வரிசை மாறக் கூடாது.

இன்னொரு சங்கடமும் இதே சிப்பில் இருக்கிறது. மலிவு போர்டுகள் பலவற்றில் அதன் கொள்ளளவு 16 மெகாபைட்தான். அத்தனை தலைமுறைக்கான நிரலும் அதற்குள் அடங்காது. 2019இல் ரைசன் 3000 வந்தபோது எம்எஸ்ஐ நிறுவனம் தன் பழைய போர்டுகளில் பயாஸின் அலங்காரத் திரைகளை எடுத்துவிட்டு எளிய திரை வைத்தது, பழைய ஏ-சீரிஸ் ப்ராசஸர்களுக்கான நிரலையும் நீக்கியது. புதியவர் உள்ளே வரப் பழையவர் வெளியேற வேண்டியிருந்தது. இதனால் சில அப்டேட்டுகள் ஒருவழிப் பாதை: ஏற்றியபின் பழைய ப்ராசஸர் அதே போர்டில் ஓடாமல் போகலாம், முந்தைய பயாஸுக்குத் திரும்பவும் வழி இல்லாமல் போகலாம். அப்டேட்டின் அருகே நிறுவனம் எழுதியிருக்கும் குறிப்பைப் படித்துவிட்டே கை வையுங்கள்.

2020 மே மாதம் ஏஎம்டி இந்தக் கொள்ளளவைக் காரணம் காட்டித்தான் பி450 போர்டுகளில் அடுத்த தலைமுறை ஓடாது என்றது. வாங்கியவர்கள் கொதித்தெழுந்தார்கள், அதே மாதத்தில் ஓடும் என்றது. அதைவிடப் பழைய 300 வரிசை போர்டுகளுக்கு 2022இல் அனுமதி கிடைத்தது. சிப் மாறவில்லை, முடிவுதான் மாறியது. இன்டெல் கதை இதைவிட வருத்தம் தருவது. எட்டாம் தலைமுறைக்கு அதே 1151 கால் சாக்கெட்டை வைத்துக்கொண்டு 2017இல் புது போர்டு கட்டாயம் என்றது. மின்சாரம் செலுத்தும் கால்கள் கூடுதலாக வேண்டும் என்பது சொல்லப்பட்ட காரணம். அடுத்த ஆண்டே ஆர்வலர்கள் பயாஸைத் திருத்தி, பழைய போர்டில் எட்டாம் தலைமுறை ஐ3ஐ ஓட்டிக் காட்டினார்கள். அந்த வித்தையை நீங்கள் செய்து பார்க்க வேண்டும் என்று சொல்லவில்லை. 'தொழில்நுட்ப ரீதியாக முடியாது' என்று ஒரு நிறுவனம் சொன்னால், அதில் எவ்வளவு தொழில்நுட்பம், எவ்வளவு வியாபாரம் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு என்பதற்காகச் சொல்கிறேன்.

செகண்ட் ஹேண்ட் வாங்குவோர் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். ஏஎம்டி ப்ராசஸர்களில் 'பிளாட்ஃபார்ம் செக்யூர் பூட்' என்று ஒரு வசதி இருக்கிறது. கணினி நிறுவனம் அதை இயக்கினால், ப்ராசஸருக்குள் இருக்கும் நுண்ணிய ஃபியூஸ்கள் எரிக்கப்பட்டு, அந்த நிறுவனத்தின் கையொப்பம் உள்ள பயாஸோடு மட்டுமே அது ஓடும். எரித்த ஃபியூஸைத் திரும்ப ஒட்ட முடியாது. லெனோவோவின் சில அலுவலகக் கணினிகளில் ரைசன் ப்ரோ ப்ராசஸர்கள் இப்படிப் பூட்டப்பட்டது வெளிவந்த செய்தி. ப்ராசஸர் நல்ல நிலையில் இருக்கும், ஆனால் உங்கள் போர்டில் என்றுமே எழாது. திருட்டு நிரலைத் தடுக்கத்தான் இது என்கிறார்கள்; தடுக்கலாம். பழைய பொருளை இன்னும் பத்து வருடம் ஓட்டலாம் என்று நினைக்கும் ஏழை வாங்குபவரையும் சேர்த்தே தடுக்கிறது. 'ப்ரோ' என்று பெயரில் இருந்தால், உங்கள் போர்டில் மாட்டி ஓட்டிக் காட்டச் சொல்லிவிட்டே பணத்தைக் கொடுங்கள்.

சரிபார்ப்பது எளிது. விண்டோஸ் தேடலில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்று தேடித் திறந்தால் போர்டின் மாடல் பெயரும் பயாஸ் பதிப்பும் தெரியும். போர்டு நிறுவனத்தின் தளத்தில் அந்த மாடலுக்கான ப்ராசஸர் ஆதரவுப் பட்டியலில், ஒவ்வொரு ப்ராசஸருக்கும் எதிரே எந்தப் பயாஸ் பதிப்பு முதல் ஓடும் என்று போட்டிருப்பார்கள். உங்களிடம் உள்ளது அதற்கு முந்தியது என்றால் முதலில் அப்டேட். போர்டின் மேல் அச்சிட்ட திருத்த எண்ணும் பட்டியலில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். ஒரே பெயரில் இரண்டு மூன்று திருத்தங்கள் இருப்பது சகஜம்.

கழற்றும்போது ஒரு எச்சரிக்கை. ஏஎம்4 ப்ராசஸரில் கால்கள் ப்ராசஸரின் அடியில் இருக்கின்றன. வருடக்கணக்கில் காய்ந்த தெர்மல் பேஸ்ட் ஹீட் சிங்கையும் ப்ராசஸரையும் ஒட்டவைத்திருக்கும். நேராக இழுத்தால், பூட்டிய சாக்கெட்டிலிருந்து ப்ராசஸர் அப்படியே பிய்ந்து வந்து கால்கள் வளையும். கணினியைப் பதினைந்து நிமிடம் ஓட்டிச் சூடேற்றி, அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகு, ஹீட் சிங்கை இடமும் வலமும் மெல்லத் திருகி விடுவித்து எடுங்கள்.

மற்ற கேள்விகள்

ரைசன் 5 5600 வாங்கலாமா, 5600ஜி வாங்கலாமா? தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாதவர்கள் 'ஜி' உள்ளதையே வாங்க வேண்டும், மற்றதில் திரையே வராது. இன்டெலில் 'எஃப்' என்று முடிபவையும் அப்படியே.

அப்டேட் நடக்கும்போது கரண்ட் போனால்? போர்டு செயலிழக்கலாம், யுபிஎஸ் இல்லாமல் செய்யாதீர்கள்.

டிஸ்க் பிட்லாக்கர் போட்டுப் பூட்டியிருந்தால்? ப்ராசஸர் மாறியதும் மீட்புச் சாவி கேட்கும், முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஹார்ட் டிஸ்க்கில்தான் ஓடுகிறதா? முதலில் எஸ்எஸ்டி, பிறகு ப்ராசஸர்.

லினக்ஸ்? பிரவுசரும் டைப்பிங்கும் மட்டும் என்றால் தாராளமாக. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இலவசம்.

எதுவும் மாற்ற வசதியில்லை என்றால்? நீட்டிப்புத் திட்டத்தில் இன்னும் சேரலாம். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் அதற்கான இணைப்பு இருக்கும். 30 டாலர் கட்டலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை அதனோடு ஒத்திசைத்தால் பணமே கட்ட வேண்டாம். விண்டோஸ் 10இன் 22எச்2 பதிப்பு இருந்தால் போதும், புது ப்ராசஸர் தேவையில்லை. இதுவரை சேராதவர்கள் இன்றே சேர்ந்துவிடுங்கள்.